ஆறு மணிக்கு முன் ஒரு நன்றியுரை

அமைதியே அணிகலனாய் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா ராயப்பன் அவர்களே. பெயின்ட் கடை நடத்தினாலும் பிறர் மீது சாயம் பூசத் தெரியாத பெருந்தகை, எங்கள் கழகச் செயலாளர் அண்ணன் கோதண்டபாணி அவர்களே. முதல் வரிசையில் அமர்ந்து, மேடையைப் பார்ப்பதுபோல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சான்றோர்களே. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில், பந்தல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் அமர வைக்கப்பட்டிருக்கும் என் தாய்மார்களே. மேடையின் நடுநாயகமாக, வெள்ளைத் துண்டு விரித்து, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்து, மூன்று மணியிலிருந்து காலியாக இருந்தாலும் கம்பீரம் சற்றும் குறையாமல் வீற்றிருக்கும் சிறப்பு விருந்தினரின் நாற்காலி அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

என் பெயர் ரோஜா. பெயரைக் கேட்டு யாரும் மென்மையை எதிர்பார்க்க வேண்டாம், நான் திண்டிவனம் விடியல் மகளிர் கால்பந்துக் கழகத்தின் கோல் கீப்பர். மிச்ச நேரத்தில் விழுப்புரத்தில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பதினான்காவது நிகழ்ச்சி, சிறப்பு விருந்தினர் பேருரை. பதினைந்தாவது, நன்றியுரை, இரண்டு நிமிடம், செல்வி ரோஜா. பேருரை ஆற்ற வேண்டிய பெருமகனார் இன்னும் விழுப்புரத்திலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே, பின்னால் வர வேண்டிய நன்றி இன்று முன்னால் வந்து நிற்கிறது. செயலாளர் அண்ணன் என் காதருகே குனிந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன். “பெரியவர் வர்ற வரைக்கும் பேசிக்கினு இரும்மா. நீதான் மைக் குடுத்தா உடமாட்டியே.” விடமாட்டேன் அண்ணே. இன்று நிச்சயமாக விடமாட்டேன்.

விவரம் தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். இதோ மேடை ஓரத்தில், ஏழு பொன்னாடைகளைப் போர்த்திக்கொண்டு, எட்டாவதுக்குத் தோளில் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் அஸ்வினி. பெருமுக்கல்காரி. வயது பத்தொன்பது. எங்கள் அணியின் ஸ்டிரைக்கர். கோழிக்கோட்டில் ஒரு பெரிய கழகம் அவளை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறது. மாதச் சம்பளம், தங்க இடம், காலில் அடிபட்டால் பார்க்க ஒரு மருத்துவர். ஆனால் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இங்கே பதிவான ஆட்டக்காரி அங்கே ஆட வேண்டுமென்றால், இவளை விடுவித்துவிட்டோம் என்று இங்குள்ள கழகம் இணையதளத்தில் ஒப்புதல் தர வேண்டும். ரிலீஸ் என்று சொல்வோம். செயலாளரின் கைப்பேசியில் ஒரு பச்சைப் பொத்தான். அதை ஒருமுறை தொட வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்குள் தொடாவிட்டால், வரிசையில் காத்திருக்கும் இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று கோழிக்கோட்டுக்காரர்கள் நேற்றே சொல்லிவிட்டார்கள். இப்போது மணி ஐந்து இருபத்திரண்டு.

தொட வேண்டியதுதானே, ஏன் தொடவில்லை என்று கேட்கிறீர்களா? பகையா? இல்லை. பொறாமையா? இல்லை. பணமா? அறவே இல்லை. அன்பர்களே, அதற்குக் காரணம் மரியாதை. நாம் மரியாதையில் பிறந்து, மரியாதையில் வளர்ந்து, மரியாதைக்காகவே தாமதமாகும் மக்கள். நான் போன வாரமே அண்ணனின் கடைக்குப் போய்க் கேட்டேன். டிஸ்டெம்பர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே அண்ணன் சொன்னார்: “சும்மா கடையில உக்காந்துகினு போன்ல அமுத்திட்டா யாருக்கும்மா தெரியும்? பெரியவர் கையால, நாலு பேர் முன்னால நடந்தாத்தான் அந்தப் பொண்ணுக்கு ஒரு கவுரவம்.” அதனால்தான் பாருங்கள், அந்தப் பித்தளைத் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கு நடுவே, சந்தனம் குங்குமம் இட்டு, பட்டுத்துணி போர்த்தி, ஒரு கைப்பேசி எழுந்தருளியிருக்கிறது. சிறப்பு விருந்தினர் துணியை விலக்குவார். தம் பொற்கரத்தால் பொத்தானை அழுத்துவார். நாதஸ்வரம் ஒலிக்கும். இதுதான் ஏற்பாடு. இதில் ஒரே ஒரு குறை, பொற்கரம் இன்னும் நெடுஞ்சாலையில் இருக்கிறது.

கிடைத்த நேரத்தில் என் கடமையைச் செய்கிறேன். நன்றி சொல்ல வந்தவள் நான். எனக்கு முன்னால் பேசிய பதின்மூன்று பேரும், அஸ்வினியைக் கண்டெடுத்தது தாங்கள்தான் என்று சொன்னார்கள். ஒரு பெண்ணைப் பதின்மூன்று பேர் கண்டெடுத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் பதின்மூன்று முறை யாரோ அவளைத் தொலைத்திருக்க வேண்டும். அந்தத் தொலைத்த கதையை யாரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், விழுப்புரத்தில் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. நான் பத்தாம் வகுப்பு, அப்போதும் கீப்பர். எங்கள் அணியில் ஒருத்திக்குச் சின்னம்மை, பத்துப் பேர்தான் மிச்சம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களோடு வேனில் வந்திருந்தாள். பந்தாட வரவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பார்க்கலாம் என்று யாரோ ஆசை காட்டியதால் வந்தவள். ரயில் பார்க்க வந்தவளைப் பிடித்து, அம்மை கண்டவளின் ஜெர்சியை மாட்டி, முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அவள் என்னிடம் ஓடி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “எந்தப் பக்கம்க்கா அடிக்கணும்?” நான் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினேன்.

முதல் பாதியில் இரண்டு கோல் அடித்தாள். நாங்கள் துள்ளினோம். இடைவேளைக்குப் பின் இரு அணிகளும் பக்கம் மாறும் என்பதை அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கைகாட்டிய திசையை அவள் மறக்கவும் இல்லை. நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், எங்கள் ஆட்களையே நான்கு பேரைத் தாண்டினாள், எனக்கு இடப்பக்கமாக ஒரு உதை. நான் பாய்ந்தேன், எட்டவில்லை. கோல் அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் ஒரு துளி கள்ளம் இல்லை. பிறகு விளக்கிச் சொன்னோம். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் இன்னொன்று அடித்தாள். மூன்றுக்கு ஒன்று, வெற்றி நமதே. நான்கு கோலையும் அடித்தவள் அவளே. பின்னால் ஒரு அண்ணன் பொய் என்கிறார். அண்ணே, அந்த ஒரு கோலை வாங்கியவளே நான்தான். யாராவது இதைப் பொய்யாகச் சொல்லிக்கொள்வார்களா?

கோப்பை கிடைத்ததா என்று கேளுங்கள். ஆட்டம் நான்கு மணிக்கு முடிந்தது. பரிசு தர வேண்டியவர் ஏழு மணி வரை வரவில்லை. கோப்பை கண்ணெதிரே மேசை மீது இருந்தது, தொடக் கூடாது என்றார்கள். வேன்காரர் இனியும் நிற்க முடியாது என்று கிளப்பிவிட்டார். கோப்பை அங்கே, நாங்கள் இங்கே. அஸ்வினி ரயிலையும் பார்க்கவில்லை, கோப்பையையும் தொடவில்லை. அன்று வராத அந்தப் பெரியவருக்கு இந்த விழாவின் சார்பில் என் முதல் நன்றி. வந்தால்தான் பரிசு என்ற நம் நாட்டு நடைமுறையை ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முதல் ஆட்டத்திலேயே கற்பித்துவிட்டார்.

சீட்டு வந்திருக்கிறது. பொதுவாகப் பேச்சாளருக்கு வரும் துண்டுச் சீட்டில் ‘முடிக்கவும்’ என்று இருக்கும். எனக்கு வந்திருப்பதைப் படிக்கிறேன்: ‘விக்கிரவாண்டி தாண்டிட்டார். தொடரவும்.’ விக்கிரவாண்டிக்கு என் வணக்கம். மணி ஐந்து இருபத்தெட்டு.

அடுத்து, இந்த மைதானத்துக்கு நன்றி. இந்த மைதானத்தில் மாலையில் ஆண்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். காலையில் பெரியவர்கள் நடப்பார்கள். மீதி இருந்த நண்பகலைப் பெருந்தன்மையோடு பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். சித்திரை வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, இந்தத் திண்டிவனத்தில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓடினோம். அது மட்டுமா? வடக்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள். கோல் போஸ்ட்டுக்குப் பதினைந்தடி முன்னால், ஆட்டக் களத்துக்கு உள்ளேயே, ஒரு மின்கம்பம் நிற்கிறது. யார் நட்டார்கள், ஏன் அங்கே நட்டார்கள் என்பது நாங்கள் பிறப்பதற்கு முந்தைய வரலாறு. தலைமுறை தலைமுறையாக அதைச் சுற்றித்தான் ஆடுகிறோம். அஸ்வினி மட்டும் அதை எதிரணியின் தடுப்பாட்டக்காரியாக வைத்துக்கொண்டாள். கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்பாள். பந்து வரும். தோளால் கம்பத்தை ஒட்டிக்கொண்டு ஒரே சுழற்சியில் திரும்புவாள். திரும்பும்போதே உதைத்துவிடுவாள்.

ஒரு கீப்பராகச் சொல்கிறேன். மற்றவர்கள் உதைக்கும் முன் பந்தைப் பார்ப்பார்கள், அந்த ஒரு நொடியில் நாங்கள் தயாராகிவிடுவோம். இவள் பந்தைப் பார்க்க மாட்டாள், என் காலைப் பார்ப்பாள். என் எடை எந்தக் காலில் இருக்கிறதோ அந்தப் பக்கமே அடிப்பாள். எடை விழுந்த காலின் பக்கமாக யாராலும் உடனே பாய முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு ஆண்டுகளில் பயிற்சியில் மட்டும் என் மீது அவள் அடித்த கோல்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. என் முழங்கையில் இருக்கும் தழும்புகளைப் பார்த்தால் நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

போன மாதம் கோழிக்கோட்டில் தேர்வு ஆட்டம். நானும் துணைக்குப் போயிருந்தேன். ஆறடி உயரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரி இவளை முதுகோடு ஒட்டி நின்றாள். பந்து வந்தது, இவள் சுழன்றாள், வலை குலுங்கியது. இருபது நிமிடத்தில் இன்னொரு முறை அதே சுழற்சி, அதே வலை. அங்கிருந்த பயிற்சியாளர் அம்மையார், இப்படித் திரும்ப எங்கே கற்றாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அஸ்வினி வெட்கத்தோடு என்னிடம் தமிழில் சொன்னாள்: “எங்க ஊர்ல ஒரு கரண்ட் கம்பம் கீதுன்னு சொல்லுக்கா.” நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மையார், அது ஒரு பயிற்சி முறையின் பெயர் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கைதட்டுங்கள், கைதட்டுங்கள், தவறில்லை. இந்தக் கைதட்டல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அப்போதுதான் மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பி வந்தாள். தேர்வாளர்கள் கண்ணியமானவர்கள். கோல் அடிப்பாயா என்று கேட்டு அவளைச் சங்கடப்படுத்தவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண், அப்பா என்ன வேலை என்று அக்கறையோடு விசாரித்தார்கள். பெருமுக்கல், காலனி, கல்குவாரி என்று அவள் பதில் சொன்னாள். சரிம்மா, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் சொல்லி அனுப்பியது இன்று வரை வந்து சேரவில்லை. ஒருவேளை அதுவும் விக்கிரவாண்டி தாண்டி வந்துகொண்டிருக்கலாம்.

நான்காவது முறை எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள்? ஒரு பெண்ணுக்குக் கால் சுளுக்கு, இன்னொரு பெண்ணுக்குத் திருமணம். அந்தச் சுளுக்குக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் என் மனமார்ந்த நன்றி. மாநிலப் போட்டியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துவிட்டுத் திண்டிவனத்தில் வந்து இறங்கினாள். ஊர் சும்மா இருக்குமா? மேம்பாலத்துக்குக் கீழே இருபதடி உயர ஃப்ளெக்ஸ் பேனர். ‘திண்டிவனத்தின் தங்கத் தாரகையே வருக’ என்று எழுதி, கீழே வாழ்த்துவோர் படம் இருபத்து மூன்று. நடுவில் தாரகையின் படம். படத்தில் இருந்தவள் நான்.

சிரிக்காதீர்கள். கீப்பர் கையுறை மாட்டி, கைகளை விரித்துக்கொண்டு நான் நிற்கிறேன், கீழே ‘அஸ்வினி, அதிரடி ஸ்டிரைக்கர்’ என்று போட்டிருக்கிறது. கையுறையோடு கோல் அடித்த உலகின் முதல் ஸ்டிரைக்கர். இருபத்து மூன்று பேரின் படமும் பெயரும் பட்டமும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன. வரவேற்கப்பட்டவள் மட்டும் மாறிப்போனாள். மூன்று நாள் அந்தப் பேனர் இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அஸ்வினியின் அம்மா பூமாலை அக்கா மட்டும், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டு மண் ஒட்டிய கையோடு அந்தப் பக்கமாக வந்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “எம் பொண்ணு பேரு போட்டுக்கீதே, மூஞ்சி எங்கம்மா?”

அந்தப் பூமாலை அக்கா இதோ கடைசி வரிசையில், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். தன் மகள் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த நண்பகலில்தான் அவருக்கும் வேலை. மேடையில் ஏழு நாற்காலி இருக்கிறது. அதில் ஒன்று காலியாகவும் இருக்கிறது. அதில் அவரை உட்கார வைக்கலாமே என்று நான் சொல்லவில்லை, சொன்னால் மரபு மீறல். நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இரண்டாவது சீட்டு. ‘கூட்டேரிப்பட்டில் ஒரு காதுகுத்து. தலையைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் புறப்படுகிறார்.’ நல்லது. காது குத்தப்படும் குழந்தை நீடூழி வாழ்க. மணி ஐந்து முப்பத்தெட்டு. கூட்டேரிப்பட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். காதுகுத்தில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கே பந்தி போட்டிருப்பார்கள்.

அண்ணே, தாம்பாளம் அதிர்கிறது. பட்டுத்துணிக்குள் வெளிச்சம் தெரிகிறது. கோழிக்கோடாக இருக்கலாம். எடுங்களேன். எடுக்கக் கூடாதா? துணியைப் பெரியவர்தான் விலக்க வேண்டுமா? சரி, அடித்து ஓயட்டும். ஓய்ந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். அஸ்வினியின் அப்பா அன்புச்செல்வன் இந்த விழாவுக்கு ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அவர் இப்போது பேருந்து நிலையத்தில் இருக்கிறார். கோழிக்கோட்டுக்கு மாறிப் போக வேண்டிய சேலம் வண்டி ஆறேகாலுக்கு. மகளின் பெட்டியை ஏற்றிவிட்டு, சன்னலோர இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாளைக் காலை அவள் கோழிக்கோட்டில் இருக்க வேண்டும். இந்தத் திண்டிவனத்தில் இன்று இரண்டு இருக்கைகளில் துண்டு கிடக்கிறது. இங்கே வராத ஒருவருக்காக. அங்கே போக வேண்டிய ஒருத்திக்காக.

அவையோரே, இதுவரை நான் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். சிரித்தீர்கள், நன்றி. இனி ஒரு சின்னக் கதை. இதில் சிரிப்பு வராது, வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கழகத்தில் ஒரு பெண்ணைப் பெங்களூரில் ஒரு கழகம் கேட்டது. கீப்பர் வேண்டும் என்றார்கள். ஒரு ஆண்டு ஒப்பந்தம். அந்தப் பெண் இரண்டு நாள் தூங்கவில்லை. புதுக் கையுறை வாங்கிப் பிரிக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ரிலீஸ் மட்டும் பாக்கி. கழகம் மகிழ்ந்தது, கொண்டாடியது. ஆண்டு விழாவில் பெரியவர் ஒருவர் கையால் கொடுப்போம், அப்போதுதான் கவுரவம் என்றது. ஆண்டு விழா பத்தாம் தேதி என்றார்கள். பெரியவருக்குத் தோதுப்படவில்லை. பதினெட்டு என்றார்கள், பெரியவர் வீட்டில் விசேஷம். இருபத்தாறு என்றார்கள், மழை. பெங்களூரில் பதிவு முப்பத்தொன்றாம் தேதி முடிந்தது. விழா இரண்டாம் தேதி நடந்தது.

மிகச் சிறப்பாக நடந்தது. செண்டை மேளம் இருந்தது. பெரியவர் வந்தார், தம் பொற்கரத்தால் ரிலீஸ் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். செத்துப்போன கடிதம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், செயலாளருக்குத் தெரியும், இங்கே இருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். புகைப்படத்தில் அவள் நன்றாகவே விழுந்திருக்கிறாள். அவள் ஆட முடியாமல் போனதற்குக் கழகம் வருந்தியது. வருந்தி, அவளுக்கு மைக் கொடுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் அவள்தான் நன்றியுரை.

ஆம். அந்தப் பெண் நான்தான்.

யார் மீது குற்றம் சொல்வேன்? அண்ணன் கோதண்டபாணி மீதா? எங்களுக்கு முதல் பந்தை வாங்கித் தந்தவர் அவர். பெண்கள் அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதா என்று கடைக்கே வந்து சண்டை போட்டவர்களிடம் எங்களுக்காகத் தனியாக நின்றவர் அவர். என் பெங்களூர் வாய்ப்பு போனபோது என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். நல்லவர். ஐயா ராயப்பன் நல்லவர். வருகிற பெரியவரும் நல்லவராகத்தான் இருப்பார். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து, இத்தனை மரியாதையாக, ஒரு பெண்ணின் காலைக் கட்டிவைக்கிறோம். கெட்டவன் கட்டினால் அறுத்துக்கொண்டு ஓடலாம். மாலை போட்டுக் கட்டினால் எப்படி ஓடுவது? எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணே. மூன்று ஆண்டாக இருக்கிறது. எல்லா விழாவிலும் நன்றி நன்றி என்று சொல்லி அதை மூடி வைத்திருந்தேன். இன்று மூட முடியவில்லை.

அஸ்வினிக்குக் கவுரவம் வேண்டும் என்கிறீர்கள். மேடையில் பொத்தான் அழுத்துவதா கவுரவம்? பொன்னாடை போர்த்துவதா கவுரவம்? இருபதடி பேனரா கவுரவம்? முகம் மாற்றிப் போட்ட பேனரா கவுரவம்? பெருமுக்கல் பாறையடியில் பிறந்த ஒரு பெண், தன் சொந்தப் பெயர் முதுகில் எழுதிய ஜெர்சியோடு, ஆறடி ஆள் ஒருத்தியைச் சுழன்று தாண்டி, வலைக்குள் பந்தை உதைக்கிறாளே, அது கவுரவம். அதை நாம் கொடுக்க முடியாது. அவளேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மால் முடிந்தது ஒன்றுதான். குறுக்கே நிற்காமல் இருக்கலாம்.

மணி ஐந்து நாற்பத்தொன்பது. மூன்றாவது சீட்டு வருகிறது. ‘இலையில் உட்கார்ந்துவிட்டார். தொடரவும்.’

நான் தொடரப் போவதில்லை. முதன்முறையாக, கொடுத்த மைக்கை நானே விடுகிறேன். ஆனால் இறங்க மாட்டேன், இங்கேயே நிற்பேன். அண்ணே, உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணன் எழுந்திருக்கிறார்.

அவையோரே, அமைதி. பின்வரிசையில் தெரியாதவர்களுக்காக நான் சொல்கிறேன். அண்ணன் தாம்பாளத்தின் பக்கம் வந்துவிட்டார். ஐயா ராயப்பன் அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்கிறார். அண்ணன் தலையசைக்கிறார், கையை மெல்ல விடுவித்துக்கொள்கிறார். துணியை எடுத்துவிட்டார். கைப்பேசியை எடுத்துவிட்டார். தொடுகிறார். அண்ணே, ஏன்? ஏறவில்லையா? திரை முழுக்கக் குங்குமம் அப்பியிருக்கிறது, விரல் பிடிக்கவில்லை. வேட்டி முனையால் துடைக்கிறார். நாதஸ்வரக்காரரே, வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். புகைப்பட அண்ணனும் தள்ளி நில்லுங்கள், அவர் பாட்டுக்குச் செய்யட்டும்.

என்னிடம் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் அண்ணே, எல்லோரும் கேட்கட்டும்.

“உன்னுத நான் தவற உட்டுட்டேன்மா ரோஜா. இத உட மாட்டேன்.”

தொட்டுவிட்டார். பச்சை வந்துவிட்டது. அஸ்வினியின் கைப்பேசியில் மணி அடிக்கிறது பாருங்கள். ஐந்து ஐம்பத்து மூன்று. அஸ்வினி விடுதலை.

அஸ்வினி, அழாதே. நேரம் இல்லை. பொன்னாடைகளைக் கழற்றி அங்கேயே வை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் நான் பேசிக்கொள்கிறேன். ஷூ பையை எடுத்துக்கொள். பூமாலை அக்கா, நீங்களும் எழுந்திருங்கள், பேருந்து நிலையம் வரை மகளோடு போங்கள். ரபீக் அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். தாய்மார்களே, நடுவில் கொஞ்சம் வழி விடுங்கள். அஸ்வினி, அங்கேயும் இரண்டாம் பாதியில் பக்கம் மாறுவார்கள், அது உனக்குத் தெரியும். மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போ.

அண்ணன் கோதண்டபாணி அவர்களே, இன்று இந்த மேடையில் நான் சொன்ன நன்றிகள் எல்லாம் பேச்சுக்குச் சொன்னவை. இது அப்படியல்ல. நன்றி அண்ணே. தலைவர் ஐயா, அவசரத்தில் ஏதேனும் மரியாதைக் குறைவாகப் பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அது குறைவாகத்தான் இருந்தது, அதற்காக நான் வருந்தவில்லை. பந்தல் போட்டவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும், வெயிலில் உட்கார்ந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி.

என்ன சத்தம்? சைரன். ஆகா, வந்துவிட்டார். சீட்டுதான் எனக்குத் தாமதமாக வந்திருக்கிறது, இலையை முடிக்காமலே எழுந்து வந்திருக்கிறார் போலிருக்கிறது, அவருடைய நல்ல மனம். மூன்று வண்டிகள் கேட்டுக்குள் நுழைகின்றன. நாதஸ்வரக்காரரே, இப்போது வாசிக்கலாம். ஐயா, வருக, வருக, தங்கள் வரவு நல்வரவாகுக.

ஒரு நிமிடம். கேட்டை ஒட்டிய அந்தச் சந்து ஒரு வண்டி போகும் அகலம்தான். உள்ளே வரும் கார் நிற்கிறது, வெளியே போகும் ஆட்டோ நிற்கிறது. ரபீக் அண்ணன் ஒலிப்பான் அடித்துக்கொண்டே இருக்கிறார். யாரும் ஆட்டோவைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். நான் சொல்கிறேன், யாரும் ஆட்டோவைத் தொட வேண்டாம். முதல் காரை ஓட்டிவரும் ஓட்டுநர் அண்ணன் அவர்களே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள். அந்த ஆட்டோவில் எங்கள் ஸ்டிரைக்கர் போகிறாள், அவளுக்கு நேரமாகிறது.

எடுக்கிறார். பின்னால் எடுக்கிறார். இந்த விழாவின் கடைசி நன்றி உங்களுக்குத்தான் அண்ணே. வணக்கம்.